வீடு வாங்கத் தேடுகிறவர்களுக்கு: எதை முதலில் பார்ப்பது, எதை அப்புறம் பார்ப்பது

வீடு தேடுகிறவர்களில் பாதிப் பேர் படத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். ராத்திரி படுத்துக்கொண்டே போனில் விளம்பரங்களைத் தள்ளிக்கொண்டே போவது. பெரிய ஜன்னல், பளபளக்கிற தரை, மாடியில் செடித்தொட்டி. இப்படி ஒரு மாதம் போனால் போதும், மனசுக்குள் இருந்த பட்ஜெட் யாரும் கேட்காமலே ஏறியிருக்கும். அப்புறம்தான் கடன் கணக்கு, அப்புறம்தான் பத்திரம், கடைசியில் கட்டடம். அதற்குள் அந்த வீட்டில் எந்த அறை யாருக்கு என்று பிள்ளைகள் பிரித்து முடித்திருப்பார்கள். இனி எதைக் கண்டுபிடித்தாலும் "பரவாயில்லை, பார்த்துக்கலாம்" என்றுதான் வாய் சொல்லும்.

நான் சொல்லும் வரிசை இது: பணம், இடம், கட்டடம், பத்திரம், பேரம். ஒவ்வொரு கட்டத்திலும் "இது வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருவதற்கு ஆகும் செலவு இந்த வரிசையில்தான் மிகக் குறைவு. தேடல் முழுக்க நீங்கள் காப்பாற்றிக்கொள்ள வேண்டியது அந்தத் திரும்பி வரும் வசதியைத்தான்.

பணம்

"பேங்க் எவ்வளவு தரும்?" என்று கேட்டுத் தொடங்காதீர்கள். நீங்கள் கட்டி முடிக்கக்கூடிய அளவைப் பார்த்துத்தான் வங்கி தொகை சொல்லும். நிம்மதியாகக் கட்டுவீர்களா என்பது அதன் கணக்கில் வராது. மாதம் எவ்வளவு போனால் வீட்டுச் செலவும் பிள்ளைகள் படிப்பும் ஆட்டம் காணாது என்று முதலில் நீங்களே முடிவு செய்யுங்கள். அங்கிருந்து பின்னோக்கிக் கடன் தொகைக்கு வாருங்கள்.

தவணைக் கணக்கு எப்படி நடக்கிறது என்று தெரியாமல் கடன் வாங்குகிறவர்கள் நிறைய. ஆண்டுக்கு 9 சதவீத வட்டி, 20 ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொள்வோம். கடனாக வாங்கிய ஒவ்வொரு 100க்கும் கடைசியில் சுமார் 216 கட்டி முடிப்பீர்கள். அதே வட்டிக்கு 15 ஆண்டு என்றால் சுமார் 183. மாதத் தவணை கூடுவது 13 சதவீதத்துக்கும் குறைவு, மிச்சமாவதோ வாங்கிய கடனில் மூன்றில் ஒரு பங்கு.

இன்னொன்றும் உண்டு. இதே 20 ஆண்டுக் கடனில் முதல் 5 ஆண்டு முடியும்போது, வாங்கிய ஒவ்வொரு 100க்கும் 54 கட்டியிருப்பீர்கள். அசலில் கழிந்திருப்பது 11தான். ஆரம்பத் தவணைகளில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடுகிறது. அதனால் மூன்று நான்கு வருஷத்தில் வேறு ஊருக்கு மாறும் வாய்ப்பு இருந்தால், வாங்குவதை விட வாடகைக்கு இருப்பதே பல சமயம் லாபம். வாங்கும்போது ஒரு முறை, விற்கும்போது ஒரு முறை என்று கட்டணங்களும் சேர்ந்து கடிக்கும்.

மாறும் வட்டியில் கடன் எடுக்கிறீர்கள் என்றால், வட்டி ஒரு சதவீதம் ஏறினால் தாங்குமா என்று இப்போதே போட்டுப் பாருங்கள். மேலே சொன்ன கடனில் 9 சதவீதம் 10 ஆனால் மாதத் தவணை 7 சதவீதத்துக்கு மேல் கூடும். தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டுகிறோம் என்று வங்கி சொல்லலாம். கேட்க இதமாக இருக்கும், கட்டும் வருஷங்கள் நீண்டுகொண்டே போகும்.

ஒத்திகை பார்த்துவிடுவது நல்லது. இப்போது கொடுக்கும் வாடகைக்கும் வரப்போகும் தவணைக்கும் எவ்வளவு வித்தியாசமோ, அதை மாதா மாதம் தனிக் கணக்கில் போட்டுவாருங்கள். ஆறு மாதம் தொடாமல் போட முடிந்தால் அந்தத் தவணை உங்களுக்குச் சரி. மூன்றாம் மாதமே அதில் கை வைத்தால், விடை கிடைத்துவிட்டது. இடையில் சேர்ந்த பணம் எப்படியும் உங்களுடையது.

விலை போக, பதிவுச் செலவு, வரி, வக்கீல் கட்டணம், தரகு, கடனுக்கான வங்கிக் கட்டணங்கள், காப்பீடு, வீடு மாறும் செலவு, குடிபோகும் முன் செய்தே ஆக வேண்டிய பழுது என்று ஒரு வரிசை இருக்கிறது. இதில் பலவற்றுக்குக் கடன் கிடைக்காது, கையிலிருந்துதான் போகும். கையில் இருப்பதையெல்லாம் முன்பணத்தில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு குடிபோவது ஆபத்து. புதிதாகக் குடிபோன முதல் வருஷத்தில்தான் மோட்டாரும் குழாயும் தங்கள் வேலையைக் காட்டும்.

கணக்கு முடிந்ததும் வங்கியில் முன் ஒப்புதல், அதாவது உங்களுக்கு இவ்வளவு வரை கடன் தரலாம் என்று வீடு முடிவாகும் முன்பே வங்கி சொல்வதை, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பேரத்தில் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

என்ன வேண்டும் என்று எழுதுங்கள், தனித்தனியாக

வீட்டில் முடிவெடுக்கும் பெரியவர்கள் ஒவ்வொருவரும் தனித் தாளில் எழுதட்டும்: இது இல்லாமல் முடியாது என்பது மூன்று, இருந்தால் நல்லது என்பது எத்தனை வேண்டுமானாலும். பிறகு தாள்களைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒருவர் "அமைதியான தெரு" என்றும் இன்னொருவர் "பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில்" என்றும் எழுதியிருப்பார்கள். அந்த வாக்குவாதம் இப்போதே நடந்து முடிவது நல்லது. தரகர் முன்னால் நடந்தால் அவர் அதையும் குறித்துக்கொள்வார்.

முதியவர்கள் இருக்கும் வீடென்றால் படிக்கட்டையும் குளியலறையையும் முதல் மூன்றுக்குள் கொண்டுவாருங்கள். இன்றைக்கு நன்றாக நடக்கிறவர் பத்து வருஷம் கழித்தும் அப்படியே நடப்பார் என்று வைத்து வீடு வாங்கக் கூடாது.

இடம்

வண்ணத்தை மாற்றலாம், சமையல் மேடையை இடித்துக் கட்டலாம், குளியலறையையே புதுசாக்கலாம். வீடு நிற்கும் இடத்தையும் அது பார்த்திருக்கும் திசையையும் மாற்ற முடியாது. அதனால் நல்ல இடத்தில் உள்ள சுமாரான வீட்டுக்கும் சுமாரான இடத்தில் உள்ள நல்ல வீட்டுக்கும் இடையில் தவித்தால், முதலாவதை எடுங்கள் என்றுதான் சொல்வேன்.

தெருவை விற்பவர் சொல்லும் நேரத்தில் மட்டும் பார்க்காதீர்கள். அவர்கள் பெரும்பாலும் வார நாளில் காலை பதினோரு மணி போலக் கூப்பிடுவார்கள், அப்போது எந்தத் தெருவும் சாதுவாகத்தான் இருக்கும். நீங்கள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் ஒரு நாள் அங்கிருந்தே கிளம்பிப் பாருங்கள். ராத்திரி பத்து மணிக்கு வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். நாய், ஒலிபெருக்கி, பட்டறைச் சத்தம், லாரி எல்லாம் அப்போதுதான் தெரியும். நல்ல மழை பெய்த மறுநாள் போக முடிந்தால் இன்னும் நல்லது.

தண்ணீர் நிற்குமா என்பதை மதில் சுவரே சொல்லும். ஒரே உயரத்தில் பழுப்பாக ஓடும் கோடு, அதற்குக் கீழே உரிந்த பெயின்ட், பக்கத்து வீட்டுச் சுவரிலும் அதே உயரத்தில் அதே கோடு. வீட்டுத் தரை சாலையை விட எவ்வளவு உயரம் என்றும் பாருங்கள். சாலையைத் திரும்பத் திரும்ப மேலேயே போட்டுக்கொண்டு போகும் இடங்களில் பழைய வீடுகள் மெல்லப் பள்ளத்துக்குள் போய்விடுகின்றன.

அக்கம்பக்கத்தில் கேட்கத் தயங்காதீர்கள். ஆனால் "இங்கே எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால் "நல்லா இருக்கும்" என்றுதான் பதில் வரும். "போன மழைக்குத் தண்ணி எத்தனை நாள் நின்னுச்சும்மா?" என்று கேளுங்கள். நிற்கவே இல்லை என்றால் உடனே மறுப்பார்கள். நின்றிருந்தால் "ரெண்டு நாள்தாங்க" என்று ஆரம்பித்து முழுக் கதையும் வரும்.

எதிரில் காலி மனை இருக்கிறதா? "எப்பவும் காத்தோட்டம்" என்று அதைத்தான் விளம்பரப்படுத்துவார்கள். அங்கே என்ன கட்டலாம் என்று உள்ளாட்சி அலுவலகத்தின் நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். ஐந்து மாடி எழும்ப வாய்ப்பிருந்தால், நீங்கள் காசு கொடுக்கும் காற்றும் வெளிச்சமும் தற்காலிகம்.

வெயிலுக்கு ஒரு வார்த்தை. மேற்குப் பார்த்த சுவரும் ஜன்னலும் மாலை வெயிலை முழுக்க வாங்கும். வெப்பமான ஊரில் அந்தப் பக்கம் படுக்கையறை இருந்தால் ராத்திரி வெகு நேரம் சுவர் சுடும், குளிர்ப் பிரதேசத்தில் அதே அறை இதமாக இருக்கும். பூமத்திய ரேகைக்கு வெகு வடக்கே இருப்பவர்களுக்குக் குளிர்கால வெயில் தெற்குப் பக்கத்திலிருந்து வரும், வெகு தெற்கே இருப்பவர்களுக்கு வடக்கிலிருந்து. போனிலேயே திசைகாட்டி இருக்கிறது, விற்பவர் வாய் வார்த்தையை நம்ப வேண்டிய அவசியமில்லை.

கட்டடம்: தண்ணீரைத் துரத்துங்கள்

முதல் தடவை வீடு பார்க்கும்போது மனசு தான் பார்க்க விரும்புவதைத்தான் பார்க்கும். அதைத் தடுக்க வேண்டாம், ரசித்துவிட்டு வாருங்கள். பிடித்திருந்தால் இரண்டாம் தடவை போங்கள், பகல் வெளிச்சத்தில், டார்ச், அளவு நாடா, நோட்டோடு. கூடவே அந்த வீட்டின் மேல் ஆசை இல்லாத ஒருவரையும் அழைத்துப் போங்கள். இரண்டாம் தடவை காட்ட இழுத்தடிக்கிறார்கள் என்றால் அதையே ஒரு தகவலாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டைக் கெடுப்பதில் தண்ணீருக்கு இணை இல்லை. அதனால் மேலிருந்து கீழே வாருங்கள். மொட்டை மாடியோ கூரையோ, முதலில் அங்கே ஏறுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது, வடிகுழாய் வாய் அடைத்திருக்கிறதா, ஓரங்களில் பாசி கட்டியிருக்கிறதா. பிறகு அதற்கு நேர் கீழே உள்ள அறைக்கு வந்து மேற்கூரையைப் பாருங்கள். காய்ந்த கசிவு, ஓரம் பழுத்த வட்டம் வட்டமாகக் கறை விட்டிருக்கும். வட்டத்துக்குள் வட்டம் இருந்தால் ஒரு தடவைக்கு மேல் நனைந்து காய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

சுவரில் ஈரம் எங்கே இருக்கிறது என்பதை வைத்துக் காரணத்தைப் பெரும்பாலும் ஊகிக்கலாம். தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை, கிட்டத்தட்ட ஒரு மீட்டருக்குள், பெயின்ட் பொரிந்து உப்புப் பூத்திருந்தால் நிலத்து ஈரம் சுவரில் ஏறுகிறது. இதைச் சரிசெய்வது பெரிய வேலை. ஜன்னலுக்குக் கீழேயோ வெளிச்சுவரில் நடு உயரத்திலோ திட்டாக இருந்தால் மழை உள்ளே வருகிறது. குளியலறையை ஒட்டிய சுவரின் மறுபக்கத்தில் இருந்தால் குழாய். அலமாரிக்குப் பின்னாலும் மூலைகளிலும் கரும்பூஞ்சை இருந்தால் பெரும்பாலும் காற்றோட்டம் போதாமல் நீராவி படிவது, அது கொஞ்சம் லேசான வியாதி. எல்லாச் சுவரும் பழசாக இருக்க ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால், அந்தச் சுவரிடம் போய் நில்லுங்கள். உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், விரலால் தட்டிப் பாருங்கள். பூச்சு கழன்றிருந்தால் வெற்றுச் சத்தம் கேட்கும். வீடு முழுக்க ஊதுவத்தியோ ரூம் ஸ்பிரேயோ மணத்தால் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் இருங்கள், அடியில் என்ன வாசனை என்று தெரியும்.

அடுத்து, எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறங்கள். மாடிக் குளியலறையில் ஷவர் ஓடும்போது சமையலறைக் குழாய் சுணங்குகிறதா? கழிப்பறையில் தண்ணீரை இழுத்துவிட்டு, வாஷ்பேசின் அடியில் களக் களக் என்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் கழிவுக் குழாயில் அடைப்போ காற்றுக் குழாயில் கோளாறோ இருக்கலாம். தண்ணீர் மீட்டர் இருக்கும் வீடென்றால், எல்லாவற்றையும் மூடிவிட்டு மீட்டர் எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் மற்ற இடங்களைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது.

விரிசல்களைக் கண்டதும் பயந்து ஓட வேண்டாம். பூச்சு காயும்போது விடும் முடி இழை விரிசல் இல்லாத வீடே அபூர்வம். கவலைப்பட வேண்டியவை வேறு: ஜன்னல் அல்லது கதவின் மூலையிலிருந்து சாய்வாக ஓடுவது, செங்கல் இணைப்பைப் பிடித்துப் படிப்படியாக ஏறுவது, ஒரு முனையில் ஒடுங்கி மறுமுனையில் விரிவது, சுவரின் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் தெரிவது. அகலம் 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் கட்டுமானப் பொறியாளர் பார்க்காமல் மேலே பேசாதீர்கள். அஸ்திவாரம் அசைந்த வீட்டில் கதவுகளும் காட்டிக்கொடுக்கும். சட்டத்தில் முட்டும், அல்லது முட்டாமலிருக்க மேல் விளிம்பைச் சாய்வாகச் சீவியிருப்பார்கள்.

கான்கிரீட் தூணிலோ உத்தரத்திலோ கம்பி ஓடும் நீளத்துக்கு விரிசலும் துருக் கறையும் தெரிந்தால், உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதுகிறது. துரு இரும்பை விட அதிக இடம் பிடிக்கும், அதனால்தான் கான்கிரீட் பிளந்து விழுகிறது. மேலே சிமென்ட் பூசி மூடுவது வைத்தியம் ஆகாது.

மின்சாரத்தில் சாதாரண ஆள் பார்க்கக்கூடியது கொஞ்சம்தான். சுவிட்ச் பெட்டியைத் திறந்து பாருங்கள், கருகிய தடம் இருக்கிறதா. மின்கசிவு ஏற்பட்டால் தானே விழும் பாதுகாப்பு சுவிட்ச் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை விற்பவரை விட்டே அழுத்தச் சொல்லுங்கள். உடனே விழ வேண்டும். மனிதர்களைக் காப்பதற்கு வீடுகளில் வைப்பது வழக்கமாக 30 மில்லி ஆம்பியர் அளவு. பிளக் பாயின்ட்டுகள் போதாமல் எங்கு பார்த்தாலும் நீட்டிப்பு ஒயர் ஓடினால், ஒயரிங் புதுப்பிக்கும் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறைகளை நீங்களே அளந்துவிடுங்கள், சுவருக்குச் சுவர் உள்ளளவு. விளம்பரத்தில் உள்ள பரப்பளவில் சுவர், பால்கனி, சில இடங்களில் பொதுவழியில் உங்கள் பங்கு வரை சேர்ந்திருக்கும். இரண்டு வீடுகளை ஒப்பிடும்போது ஒரே அளவுகோலில் ஒப்பிடுகிறோமா என்று பாருங்கள். ஒரு சதுர மீட்டர் 10.76 சதுர அடி. உங்கள் கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் அளவுகளை நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். காலி அறையும் மாதிரி வீட்டின் சின்னக் கட்டிலும் கண்ணை ஏமாற்றும். ஒவ்வொரு அறையிலும் போன் சிக்னல் வருகிறதா என்று பார்ப்பது அரை நிமிட வேலை.

இவ்வளவு பார்த்தாலும், வாங்கும் முடிவுக்கு அருகில் வந்ததும் ஒரு கட்டடப் பொறியாளருக்கோ ஆய்வாளருக்கோ காசு கொடுத்து எழுத்து மூலம் அறிக்கை வாங்குங்கள். ஆளை நீங்கள் தேர்ந்தெடுங்கள். தரகர் சிபாரிசு செய்கிற ஆள் திறமைசாலியாகவே இருக்கலாம், ஆனால் அடுத்த வேலையும் அந்தத் தரகரிடமிருந்துதான் அவருக்கு வர வேண்டும்.

அடுக்குமாடி என்றால்

உங்கள் சுவருக்கு வெளியே இருப்பதிலும் உங்களுக்குப் பங்கு உண்டு, செலவிலும் உண்டு. குடியிருப்போர் சங்கத்தின் கடைசி இரண்டு வருஷக் கணக்கையும் கூட்டக் குறிப்புகளையும் கேளுங்கள். நிதி எவ்வளவு கையிருப்பு, யார் யார் பராமரிப்புக் கட்டணம் பாக்கி, லிஃப்ட் மாற்றுவது பற்றியோ மாடி ஒழுகல் பற்றியோ பேச்சு ஓடுகிறதா. விற்பவர் இப்போது ஏன் விற்கிறார் என்பதற்கான பதில் சில சமயம் அந்தக் குறிப்பேட்டில்தான் இருக்கும். விற்பவர் வைத்துள்ள பாக்கி உங்கள் தலையில் விழாதபடி எழுதி வாங்குங்கள். கட்டிக்கொண்டிருக்கும் வீடென்றால், நாள் பார்த்துப் பணம் கட்டாமல், முடிந்த வேலையைப் பார்த்துக் கட்டும்படி ஒப்பந்தம் போடுங்கள்.

பத்திரம்

இதில் சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடும், அதனால் உங்களுக்கென்று ஒரு வக்கீல் வேண்டும். விற்பவரின் வக்கீலே இரண்டு பேருக்கும் பார்த்துக்கொள்வார் என்ற சமாதானத்துக்கு இணங்காதீர்கள். வக்கீலிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மட்டும் எங்கும் ஒன்றுதான். விற்பவருக்கு இந்த வீடு எப்படி வந்தது, அவருக்கு முன்னால் யாரிடம் இருந்தது? பங்குதாரர்கள் எல்லாரும் கையெழுத்துப் போடுகிறார்களா, வெளிநாட்டில் இருப்பவர், பேச்சுவார்த்தை இல்லாத தம்பி உட்பட? வீட்டின் மேல் கடன், வழக்கு, வரிப் பாக்கி இருக்கிறதா? அனுமதி வாங்கிய வரைபடமும் கட்டி நிற்கும் வீடும் ஒன்றா? பின்னால் சேர்த்த அறைக்கும் மாடிக்கும் அனுமதி உண்டா? வீட்டுக்குப் போகும் வழி சொந்த வழியா, யாருடைய நிலத்தின் வழியாகவாவது போகிறதா? உள்ளே வாடகைக்கு யாராவது இருந்தால் எப்போது காலி செய்வார்கள்?

அசல் ஆவணங்களைக் கண்ணால் பாருங்கள். நகல் மட்டும் வருகிறதென்றால், அசல் எங்கே அடகில் இருக்கிறது என்று கேட்பதில் தப்பில்லை.

பேரம்

விளம்பரத்தில் உள்ள விலை விற்பவரின் ஆசை. அதே பகுதியில் அதே மாதிரி வீடு சமீபத்தில் என்ன விலைக்குக் கைமாறியது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய தகவல். எத்தனை நாளாக விற்காமல் கிடக்கிறது, இதற்கு முன் விலை குறைத்தார்களா என்றும் விசாரியுங்கள்.

எந்தத் தொகைக்கு மேல் ஒரு காசு கூடப் போவதில்லை என்று வீட்டில் உட்கார்ந்து எழுதிவிட்டுப் போங்கள். வீட்டுக்குள் நின்றுகொண்டு "இந்த ஜன்னல் எவ்வளவு அழகு" என்று பேசிக்கொள்ளாதீர்கள், ஆய்வு அறிக்கையில் உள்ள பழுதுகளையும் மதிப்பீட்டையும் மட்டும் மேஜையில் வையுங்கள். தரகர் யாரிடம் கமிஷன் வாங்குகிறாரோ அவர் பக்கம் கொஞ்சம் சாய்வது இயல்பு. உங்கள் உச்சவரம்பை அவரிடம் சொல்ல வேண்டாம். "சாயங்காலம் இன்னொரு பார்ட்டி அட்வான்ஸ் கொடுக்க வர்றாங்க சார்" என்பது நிஜமாகவும் இருக்கலாம். "அவங்களுக்கு ஒத்து வந்தா கொடுத்துடுங்க, எங்களுக்கு வக்கீல் பார்க்கணும்" என்று சொல்ல முடிகிற நிலையில் இருந்தால் போதும்.

முன்பணம் கொடுக்கும்போது எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். கடன் கிடைக்காவிட்டால், பத்திரத்தில் சிக்கல் வந்தால், ஆய்வில் பெரிய பழுது தெரிந்தால் பணம் திரும்ப வரும் என்று அதில் இருக்க வேண்டும். ஃபேன், விளக்கு, கீசர், தண்ணீர் தொட்டி, திரைக் கம்பி எதெல்லாம் வீட்டோடு சேர்ந்தது என்றும் எழுதுங்கள். சின்ன விஷயம் போலத் தெரியும். சாவி வாங்கின அன்று கூரையில் வெறும் ஒயர் தொங்கினால் அப்படித் தெரியாது.

பணம் அனுப்பும் நாளில் வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டதாக மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ வந்தால் நில்லுங்கள். வக்கீலையும் விற்பவரையும் நீங்கள் முன்பே சேமித்து வைத்திருக்கும் எண்ணில் கூப்பிட்டு, எண்ணை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி உறுதி செய்த பிறகுதான் அனுப்ப வேண்டும். வீட்டுப் பணத்தைக் குறிவைத்து இந்த மோசடி பல நாடுகளில் நடக்கிறது.

கையெழுத்துக்கு முன் கடைசியாக ஒரு தடவை வீட்டைச் சுற்றி வாருங்கள். விற்பவர் சாமான்களை எடுத்த பிறகு போவதே நல்லது, பீரோ நின்ற சுவர் அப்போதுதான் கண்ணில் படும். சாவி வாங்கும்போது விற்பவரையே கூட்டிப் போய் மெயின் சுவிட்ச், தண்ணீரை மொத்தமாக அடைக்கும் வால்வு, கழிவுநீர்த் தொட்டியின் மூடி மூன்றும் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். மின்சார மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் அவர் முன்னிலையிலேயே படம் எடுத்துவிட்டு, அன்று சாயங்காலமே பூட்டை மாற்றிவிடுங்கள்.